கமெராவின் உயரம்

திருகோணமலை நகரில் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, கோணேசர் கோயில் அமைந்திருக்கும் சுவாமி மலையின்மேல் ஏறி நின்று தெற்குத் திசையை நோக்குகிறவர்களுக்கு, கொட்டியாரக் குடாவின் மறுகரை ஒரு மெல்லிய பச்சைக் கோடாக மட்டுமே புலப்படும். மூதூரும், அதற்குக் கிழக்கே கட்டைபறிச்சானும், சேனையூரும், சம்பூரும், அவற்றின் வயல்களும் களப்புகளும், அங்கே வாழ்கிற ஆயிரக்கணக்கான மனிதரின் சுகதுக்கங்களும் அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. 1620களில் இந்தப் பாறையின்மீது கோட்டை எழுப்பிய போர்த்துக்கீசரும், அவர்களுக்குப் பின் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும், உயரத்தில் நின்று பார்க்கிறவனுக்குப் பார்க்கப்படுகிறவன்மேல் ஓர் ஆதிக்கம் தானாகவே ஏற்பட்டுவிடுகிறது என்பதை, சினிமாக் கமெரா பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே நன்கு அறிந்திருந்தார்கள்.

இன்று அந்த மறுகரைக் கிராமங்களிலும் கமெரா வந்துவிட்டது. உயர்தர வகுப்பு மாணவனின் சட்டைப் பைக்குள் கிடக்கிற கைத்தொலைபேசி, ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே சாத்தியமாயிருந்த காரியங்களைச் சாதாரணமாகச் செய்துவிடுகிறது. இலங்கைப் பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாகவே இருக்கிறது; கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைக்கு ஒரு பீடமே இடமளித்திருக்கிறது. ஆகவே குறும்படம் எடுக்கவேண்டும் என்ற ஆசை பிள்ளைகளிடம் தோன்றுவதில் ஆச்சரியம் எதுவுமில்லை. ஆச்சரியம் வேறொன்று. அவர்கள் தேர்ந்துகொள்ளும் கதைகளுக்குள் சற்று ஆழ்ந்து பார்த்தால், தகப்பனும் மகளும், ஆசிரியரும் மாணவனும், முதலாளியும் கூலியாளும், உத்தியோகத்தரும் ஊராரும் என்று பாத்திரங்கள் எவ்வளவு மாறினாலும், கதையின் மையத்தில் இருப்பது பெரும்பாலும் அதிகாரம் என்ற ஒரே விஷயந்தான். ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கவேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயத்தை எப்படிப் படமாக்குவது என்பதே அவர்களுடைய பிரச்சினை.

இதற்குப் பயிற்சிப் பட்டறைகளில் கற்பிக்கப்படும் சூத்திரம் எளிமையானது. கமெராவைத் தாழ வைத்து அண்ணாந்து எடுத்தால் மனிதன் வல்லவனாகத் தோன்றுவான். உயர வைத்துக் குனிந்து எடுத்தால் எளியவனாகத் தோன்றுவான். இந்தச் சூத்திரம் பொய்யன்று. குழந்தைப் பருவத்தில் நாம் எல்லோரும் பெரியவர்களை அண்ணாந்தே பார்த்தோம். தேரிலே வரும் சுவாமியையும் அண்ணாந்தே சேவிக்கிறோம். ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் 1924 இல் எடுத்த ‘கடைசி மனிதன்’ என்ற மௌனப் படத்தில், ஹோட்டல் வாயிற்காவலன் ஒருவன் பொன்னிறப் பொத்தான் வைத்த சீருடையில் நிற்கும்வரை கமெரா அவனை அண்ணாந்து பார்க்கிறது. முதுமையின் காரணமாகச் சீருடை பறிக்கப்பட்டுக் கழிவறைச் சேவகனாக அவன் இறக்கப்பட்ட பிறகு, அதே கமெரா அவனைக் குனிந்து பார்க்கத் தொடங்குகிறது. நமது தமிழ்ப் படங்களில் கதாநாயகன் முதன்முதலாகத் தோன்றும்போது, சப்பாத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலேறி முகத்தை அடையும் அந்தச் சம்பிரதாயம், இதே சூத்திரத்தின் பாமர வடிவம்.

ஆனால் சூத்திரத்தை மட்டும் நம்பிப் புறப்படுகிற மாணவனுக்கு ஓர்சன் வெல்ஸ் 1941 இல் எடுத்த ‘சிட்டிசன் கேன்’ ஒரு நல்ல பாடமாக அமையும். தேர்தலில் தோற்று, மனைவியை இழந்து, ஊர் முழுவதும் அவமானப்பட்டு நிற்கிற கேன், தன் பழைய சிநேகிதனுடன் வெறிச்சோடிய அலுவலகத்தில் வாக்குவாதம் செய்கிற காட்சியை எடுக்க, வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் செட்டின் தரையையே வெட்டிக் குழியாக்கி அதற்குள் கமெராவை இறக்கினார்கள். சூத்திரப்படி பார்த்தால் கேன் அங்கே மகா வல்லவனாகத் தோன்றியிருக்க வேண்டும். உண்மையில் தோன்றுவது, தலைக்குமேலே கவிந்துநிற்கும் கூரையின் கீழ் அடைபட்டுப் போன, தன் பருமனையே தாங்கமாட்டாத ஒரு மனிதன். அதே தாழ்ந்த கோணம், வெற்றி பெற்றவனைப் பெரியவனாக்கியது. தோற்றவனையோ பூதாகாரமான தனிமைக்குள் தள்ளியது. கோணத்துக்குத் தனியே அர்த்தம் கிடையாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியத்தை நான் அறியேன்.

மற்றொரு சாட்சியம் ஜப்பானிலிருந்து வருகிறது. யாசுஜிரோ ஓசு தம்முடைய படங்களில் கமெராவைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குமேல் தூக்குவதே அபூர்வம். அவருடைய பாத்திரங்கள் எவரும் அதனால் வீரபுருஷர்களாகத் தோன்றுவதில்லை. பாயில் அமர்ந்து உண்டு, பாயில் அமர்ந்து பேசி, பாயிலேயே உறங்குகிற ஒரு குடும்பத்தின் நடுவே, அவர்களில் ஒருவராகக் கமெராவும் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். திண்ணையிலும் பாயிலும் இருந்து பேசுகிற பழக்கமுள்ள நமக்கு இது விளங்காத சங்கதியல்ல. தாழ்ந்த கமெரா அங்கே வணக்கமுமன்று, பயமுமன்று, சமமாக இருப்பது.

கோணத்துக்கு அர்த்தத்தைத் தருவது அதற்கு முன்னும் பின்னும் வரும் ஷொட்கள். இதைக் கண்டறிந்தவர்கள் பெரிய ஸ்டூடியோக்காரர்களல்லர், மாணவர்களும் அவர்களுடைய இளம் ஆசிரியர் ஒருவருமே என்பது இக்கட்டுரையின் விஷயத்துக்கு மிகப் பொருத்தமானது. உலகின் முதலாவது திரைப்படக் கல்லூரி என்று சொல்லப்படுவது 1919 இல் மொஸ்கோவில் ஆரம்பமாயிற்று. உள்நாட்டு யுத்தத்தால் நாடே பஞ்சத்தில் தவித்த அந்தக் காலத்தில் கச்சாப் பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாயிருந்தது. அங்கே வகுப்பு நடத்திய லெவ் குலெஷோவ், பிலிமே இல்லாத படங்களை மாணவர்களை வைத்து மேடையில் ஒத்திகை பார்த்தார். ஏற்கெனவே இருந்த பழைய படச்சுருள்களை வெட்டி ஒட்டிப் புதிய அர்த்தங்களை உண்டாக்கிக் காட்டினார். மொஸ்யூகின் என்ற நடிகரின் உணர்ச்சி எதுவும் காட்டாத முகத்தை ஒரு சூப்புக் கோப்பையின் அருகிலும், ஒரு சவப்பெட்டியின் அருகிலும், ஒரு பெண்ணின் அருகிலும் மாறி மாறிச் சேர்த்தபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டு நடிப்பை மெச்சினார்களாம். அந்தத் துண்டுப்படம் இன்று நம்மிடம் இல்லை. குலெஷோவின் மாணவராயிருந்து பின்னர் பெரும் இயக்குநரான புதோவ்கின் போன்றோர் எழுதிவைத்த, ஒன்றுக்கொன்று சற்று மாறுபடும் விவரணைகளே எஞ்சியிருக்கின்றன. வறுமை அந்த மாணவர்களுக்குக் கற்பித்த பாடத்தை வசதி கற்பித்திருக்குமா என்பது சந்தேகமே.

இந்தக் கண்டுபிடிப்பு அதிகாரத்தைச் சித்திரிப்பதில் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை அடுத்த சில ஆண்டுகளிலேயே உலகம் பார்த்துவிட்டது. ஐசன்ஸ்டைன் 1925 இல் எடுத்த ‘பொட்டெம்கின் போர்க்கப்பல்’ படத்தின் ஒடெஸா படிக்கட்டுக் காட்சியில், சுடுகிற சிப்பாய்களின் முகங்கள் பெரும்பாலும் நமக்குக் காட்டப்படுவதில்லை. வரிசையாகப் படியிறங்கும் சப்பாத்துகளும், நீட்டிய துப்பாக்கிகளும், அவற்றின் நிழல்களுமே தெரிகின்றன. சுடப்படுகிற சனங்களுக்கோ முகங்கள் இருக்கின்றன, கண்ணாடி இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது. முகமில்லாமை ஒரு பலம் என்றும், முகமுடைமை காயப்படுவதற்கான தகுதி என்றும் அந்தத் தொகுப்பு நமக்கு உணர்த்திவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1934 இன் நியூரம்பெர்க் மாநாட்டைப் படமாக்கிய லெனி றீஃபென்ஸ்டால் இதே கலையை எதிர்த்திசையில் பிரயோகித்தார். கொடிக்கம்பத்தில் மின்தூக்கி பொருத்திக் கமெராவை மேலே ஏற்றியவர் அவர். ஆனால் ஹிட்லரை அவர் பெரியவனாக்கியது அந்த மின்தூக்கியாலன்று, கீழேயிருந்து எடுத்த ஷொட்களாலும் மட்டுமன்று. ஹிட்லரின் முகத்துக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே, அண்ணாந்து பார்த்தபடி காத்திருக்கும் இளைஞர்களின் முகங்களை அவர் விடாது ஒட்டிக்கொண்டே போனார். ஒருவனை வல்லவனாக்குவது அவனுடைய படமன்று, அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் படம்.

தமிழுலகில் இந்த வித்தையைப் பயின்ற மாணவர்களுக்கு ஒரு பரம்பரையே உண்டு. சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்ற ருத்ரையா, அதே கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற நல்லுசாமியையும் ஞானசேகரனையும் சேர்த்துக்கொண்டு 1978 இல் எடுத்த ‘அவள் அப்படித்தான்’, 1986 இல் கல்லூரிக் கூட்டமொன்று துணிந்து எடுத்த ‘ஊமை விழிகள்’ ஆகியவை பலருக்கும் தெரிந்த உதாரணங்கள். ஆயினும் கிழக்கு மாகாணத்தில் இருந்து எழுதும்போது முதலில் நினைவுக்கு வரவேண்டியவர், மட்டக்களப்பின் அமிர்தகழியில் 1939 இல் பிறந்த பாலுமகேந்திரா.

பள்ளிப் பருவத்துச் சுற்றுலா ஒன்றில், கித்துல்கலையில் டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு அவர் போக நேர்ந்தது. இயக்குநர் மழை என்று உரத்துக் கட்டளையிட்டதும் வானம் எதுவும் அறியாதிருக்க மழை கொட்டிற்று என்றும், அந்தக் கணத்திலேயே தாமும் ஒரு நாள் அப்படி மழையை வரவழைக்கவேண்டும் என்று தீர்மானித்துவிட்டதாகவும் பிற்காலத்தில் அவர் பல தடவை நினைவுகூர்ந்திருக்கிறார். அதிகாரம் என்பதன் முதல் தரிசனத்தை அந்தச் சிறுவன் ஒரு படப்பிடிப்பில் பெற்றான் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால், பின்னாளில் அவர் எடுத்த படங்களில் விசேஷம் என்னவென்றால், வானத்துக்கே கட்டளையிடும் அந்த ஆசையிலிருந்து படிப்படியாக விலகி, சன்னல் வழியே தானாக வந்து விழும் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிற ஒளிப்பதிவாளராக அவர் மாறியதுதான்.

பூனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோவின் வளவில் 1960 இல் இந்திய அரசு தொடங்கிய திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து, ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்துடன் 1969 இல் அவர் வெளியேறினார். அங்கே மாணவராக இருந்தபோது எடுத்த ‘எ வியூ ஃப்ரம் த ஃபோர்ட்’ என்ற பட்டயப் படத்தைப் பார்த்துவிட்டே, ‘செம்மீன்’ எடுத்த ராமு காரியாத் அவரைத் தம் ‘நெல்லு’ படத்துக்கு ஒளிப்பதிவாளராக அழைத்தார். 1974 இல் வெளிவந்த அந்தப் படம் அவருக்குக் கேரள மாநில விருதைப் பெற்றுத் தந்தது. மாணவன் ஒருவனின் குறும்படம் விளையாட்டுக் காரியம் என்று நினைக்கிற பெற்றோர்கள் இந்த வரலாற்றைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அதிகாரத்தைப் பற்றி அவர் எடுத்த படங்களில் உச்சமானது 1988 இல் வெளிவந்த ‘வீடு’ என்பது என் அபிப்பிராயம். படப்பிடிப்பும் தொகுப்பும் இயக்கமும் அவரே. சாதாரண உத்தியோகம் பார்க்கும் சுதா என்ற பெண் ஒரு சிறிய வீடு கட்ட ஆசைப்படுகிறாள். அனுமதிக்காக அலைகிறாள், ஒப்பந்தக்காரனிடம் ஏமாறுகிறாள், கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று தெரியவருகிறது. இதில் வில்லன் யார்? ஒருவனும் இல்லை. கீழிருந்து எடுத்து இராட்சதனாக்கக்கூடிய ஒரு மனிதன் அங்கே அகப்படமாட்டான். அதிகாரம் அங்கே காகிதமாகவும் கையெழுத்தாகவும் காத்திருப்பாகவும் வருகிறது. ஆகையினால் கமெரா சுதாவின் கண்மட்டத்தை விட்டு அதிகமாக ஏறவோ இறங்கவோ முயல்வதில்லை. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா பாத்திரம், முற்றுப்பெறாத வீட்டுக்குள் தனியே நுழைந்து சுவர்களைத் தொட்டுப் பார்க்கிற காட்சியில் படத்தொகுப்பாளர் அவசரப்படவே இல்லை. அந்த முதியவருக்கு வேண்டிய நேரத்தை முழுமையாக அவருக்கே விட்டுவிடுகிறார். உலகத்தில் எவரும் அவருக்குக் கொடுக்காத மரியாதையை அந்தத் தொகுப்பு கொடுக்கிறது.

இனி, கட்டைபறிச்சானில் ஒரு மாணவர் குழு இப்படி ஒரு கதையை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மூதாட்டி, தன் காணி அனுமதிப்பத்திரம் சம்பந்தமான ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் ஒன்றுக்கு வருகிறாள். மேசைக்குப் பின்னால் இளவயது உத்தியோகத்தர், சுவரில் நாட்காட்டி, மேலே மின்விசிறி. சூத்திரம் படித்த மாணவன் உடனே என்ன செய்வான்? உத்தியோகத்தரைக் கீழிருந்தும் கிழவியை மேலிருந்தும் மாறி மாறி எடுப்பான். ஐந்து விநாடிக்குள் பார்வையாளருக்கு எல்லாம் விளங்கிவிடும்; விளங்கிவிட்ட பிறகு பார்ப்பதற்கு எதுவும் இராது.

அந்த அறையை உள்ளபடி பார்த்தால் சூத்திரம் தலைகீழாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் உத்தியோகத்தர்; நிற்பவள் கிழவி. கண்ணுக்குக் கண் நேராக எடுத்தால், உயரத்திலிருந்து குனிந்து பார்க்கிறவள் அதிகாரம் இல்லாதவளாகவும், அண்ணாந்து பார்க்கவேண்டியவர் அதிகாரம் உடையவராகவும் இருக்கிறார்கள். ஆகவே அந்த அறையில் அதிகாரம் உயரத்தில் இல்லை, கதிரையில் இருக்கிறது. அதைவிட, அண்ணாந்து பார்க்காமலே இருக்கிற சுதந்திரத்தில் இருக்கிறது. அவர் தலை நிமிரவேண்டியதில்லை, அவள் போகமுடியாது. இதைக் காட்டவேண்டுமானால் கோணத்தைவிட நேரமே முக்கியமான சாதனம்.

கமெராவை உத்தியோகத்தரின் தோளுக்குப் பின்னே, மேசையின் மட்டத்தில் வையுங்கள். கோப்புகளின் அடுக்கு திரையின் கீழ்ப்பகுதியை அடைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேலே கிழவியின் மார்பும் முகமும் மட்டும் தெரியட்டும். உத்தியோகத்தருடைய முகம் இப்போது வேண்டாம். பேனா பிடித்த கை போதும். பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, பொலித்தீன் பைக்குள் மடித்துச் சுற்றி றப்பர் வளையம் போட்டு அவள் பத்திரப்படுத்திக் கொண்டுவந்த பத்திரத்தையும், அதைப் பிடித்திருக்கிற விரல்களையும் அண்மையில் காட்டி, வெட்டாமல் நிறுத்துங்கள். மின்விசிறியின் சத்தம் கேட்கட்டும். பார்வையாளருக்குச் சலிப்புத் தட்டுகிறதே என்று உங்களுக்குப் பயம் தோன்றும். அந்தச் சலிப்பு அவளுடையது, அதைச் சற்றே அவர்களும் பகிர்ந்துகொள்ளட்டும். “நாளைக்கு வாங்கோ அம்மா” என்ற குரல் வரும்போதும் அவருடைய முகத்துக்கு வெட்டிப் போகவேண்டாம். குரல் மட்டும் அவளுடைய முகத்தின்மேல் வந்து விழட்டும். பேசுகிறவரைக் காட்டாமல் கேட்கிறவரைக் காட்டுவது தொகுப்பில் மிகப் பழைய உபாயம். மாணவர்கள் மிகக் குறைவாக உபயோகிக்கிற உபாயமும் அதுவே.

அதன் பிறகு கதை திரும்புகிறது. அதுவரை “சரி ஐயா” என்று சொல்லிக்கொண்டிருந்த கிழவி, எவரும் சொல்லாமலே எதிரிலுள்ள கதிரையை இழுத்து உட்காருகிறாள். “நான் இருக்கிறன் தம்பி. நீங்க வேலையைப் பாருங்க.”

இந்த ஓர் அசைவை வெட்டுக்குள் ஒளித்துவிடக்கூடாது. உட்காருகிற பாதியில் ஒரு ஷொட்டை முடித்து மீதிப் பாதியில் அடுத்ததைத் தொடங்குவது சாதாரணமாக நல்ல தொகுப்புத்தான். அசைவு வழுக்கிக்கொண்டு போய்விடும். இங்கே அது வழுக்கிப் போகக்கூடாது. மேசையும் இரண்டு கதிரைகளும் பக்கவாட்டில் தெரியும்படி கமெராவை நகர்த்தி, அவள் இழுப்பதையும் அமர்வதையும் ஒரே ஷொட்டில் முழுமையாக எடுக்கவேண்டும். படத்தில் முதல் தடவையாக இருவருடைய தலைகளும் ஒரே மட்டத்தில், ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. அப்போதுதான், முதல் தடவையாக, உத்தியோகத்தரின் முகத்துக்கு வெட்டிப் போகலாம். அவர் தலை நிமிர்வதை நாம் பார்க்கலாம். ஐயா தம்பியாக மாறியதும், முகம் இல்லாதவருக்கு முகம் வந்ததும் ஒரே கணத்தில் நிகழ்ந்தால், அந்தக் குறும்படத்துக்கு வேறு வசனமோ, சோகமான வயலின் இசையோ தேவைப்படாது. (வயலின் இசை சேர்க்காத மாணவப் படத்தைத் தேடிப் பிடிப்பது கடினமாயிருக்கிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.)

பேசுகிற இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு இருப்பதாகக் கொண்டு, கமெரா அதைத் தாண்டக்கூடாது என்று படத்தொகுப்பில் ஒரு விதி உண்டு. தாண்டினால் இடப்பக்கம் பார்த்தவர் திடீரென்று வலப்பக்கம் பார்க்கத் தொடங்கி, பார்வையாளர் தடுமாறுவார்கள். கிழவி உட்கார்ந்த அந்தக் கணத்தில் மட்டும் வேண்டுமென்றே இந்தக் கோட்டைத் தாண்டினால், அறைக்குள் ஏதோ ஒன்று புரண்டுவிட்டதைக் காரணம் தெரியாமலே சனங்கள் உணர்வார்கள். விதியை அறிந்தவன் ஒரு தடவை மீறினால் அது கலை; அறியாதவன் பத்துத் தடவை மீறினால் அது கவனக்குறைவு.

அண்மைக் காலத் தமிழ்ப் படங்களில் மாரி செல்வராஜின் இரண்டு படங்களை மாணவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். 2021 இன் ‘கர்ணன்’ ஆரம்பத்தில், நடுவீதியில் வலிப்பு வந்து விழுந்து கிடக்கும் சிறுமியைக் கமெரா வானத்திலிருந்து பார்க்கிறது. எந்த வாகனமும் நிற்பதில்லை. மேலிருந்து எடுத்ததால் அவள் இழிவாகத் தோன்றவில்லை. நின்றிருக்கவேண்டியவர்கள் நிற்காமற் போனதே தெரிகிறது. 2018 இன் ‘பரியேறும் பெருமாள்’ முடிவிலோ, இரண்டு தேநீர்க் குவளைகள் அருகருகே நிற்கின்றன. சமத்துவம் வந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. இரண்டு குவளைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்பதை மட்டுமே காட்டினார்.

கட்டைபறிச்சான் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யுத்த நிறுத்தக் காலத்தில் இந்தக் கிராமத்தில் இராணுவத்தின் சோதனைச்சாவடி இருந்தது. அதற்கப்பால் மூதூர் கிழக்கு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2006 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது சம்பூரையும் சூழவுள்ள ஊர்களையும் சேர்ந்த சனங்கள் இடம்பெயர்ந்து அலைந்து, பின்னர் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் அமைந்த முகாம்களில் தகரக் கொட்டில்களின் கீழ், காணிகள் விடுவிக்கப்பட்ட 2015, 2016 ஆம் ஆண்டுகள் வரையில் காத்திருந்தார்கள். இந்த நீண்ட காலத்தில் அவர்களைப் படம் பிடிக்காதவர் யார்? பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள், அரசியல்வாதிகள் வந்தார்கள். நிவாரணப் பொதியைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் கமெராவைப் பார்க்கிற அந்தப் படத்தை நாம் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்!

அப்படிப் படம் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கெட்ட நோக்கம் எதுவும் இருந்திருக்காது. நின்றுகொண்டிருக்கிற மனிதன் தன் கண்ணுக்கு நேரே கருவியைப் பிடித்து, தரையில் அமர்ந்திருக்கிறவரை எடுத்தால், அவன் நினையாமலே அது உயர்கோணப் படமாகிவிடுகிறது. குனிய மறந்ததன் விளைவு அது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரு சனக்கூட்டம் உலகத்துக்கு மேலிருந்து மட்டுமே காட்டப்பட்டால், குனிய மறந்தது என்று அதைச் சொல்லி முடித்துவிட முடியாது. இதற்குப் பரிகாரமாக, அந்த மனிதர்களை இப்போது கீழிருந்து எடுத்து வீரர்களாக்க வேண்டியதுமில்லை. அவர்கள் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். பாயில் என்றால் பாயில், மரக்குற்றியில் என்றால் மரக்குற்றியில். கைத்தொலைபேசியின் அகன்ற வில்லை அண்மையில் வரும் முகங்களின் மூக்கையும் நெற்றியையும் விகாரமாக்கிவிடும். ஆகவே இரண்டு பாகம் தள்ளியிருந்து, சற்றே பெருப்பித்து எடுப்பது நல்லது. முக்காலி இல்லாவிட்டால் இரண்டு கற்களை அடுக்கிக்கொள்ளலாம்.

பாடசாலை அதிபர்களுக்கும் ஊடகக் கற்கை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போட்டிகளுக்குப் படம் அனுப்புவது நல்ல காரியமே. ஆனால் அதற்கு முன்னதாக, முகாம் வாழ்க்கையை அனுபவித்த முதியவர்கள் இன்னமும் நம்மோடு இருக்கையில், அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். ஒரு பின்னேரம் முழுவதும் கமெராவை எடுக்காமலே இருந்து கதை கேட்கச் சொல்லுங்கள், மறுநாள் எடுக்கட்டும். தொகுத்து முடித்த படத்தை, நடுவர்களுக்கும் வலைத்தளங்களுக்கும் அனுப்புவதற்கு முன்னர், யாரைப் படம் பிடித்தார்களோ அவருடைய வீட்டு விறாந்தையிலேயே அவருக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்கிறாரோ, அந்த இடத்தை வெட்டிவிடட்டும்.